கோள் தரவுக் காப்பகத்தில் தேடலும் டவுன்லோடும் சிக்கும்போது: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

கோள்களின் தரவுக் காப்பகங்களில் தேடிப் பழகுபவர்களோடு உட்கார்ந்து சிக்கலைப் பிரித்துவிடும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். ஆள் மாறினாலும் சிக்கல்கள் பெரும்பாலும் அதே ஏழுதான். அவற்றை அறிகுறிப்படி இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும். நாள் கணக்கில் நேரம் தின்னும் காரணம் கடைசியில் வரும்.

## எதையும் தொடுவதற்கு முன்: ஒரு சோதனைத் தேடல்

பதில் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தேடிப் பாருங்கள். நான் எப்போதும் எடுத்துக்கொள்வது அப்பல்லோ 11 இறங்கிய இடம்: வடக்கு 0.67, கிழக்கு 23.47 டிகிரி. நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலத்தின் நேக் என்ற கேமரா 2009 முதல் அந்த இடத்தைப் பல முறை படம் எடுத்திருக்கிறது. நாசாவின் கோள் தரவுக் காப்பகமான பிடிஎஸ் பல முனையங்களாக, அதாவது துறைவாரிப் பிரிவுகளாக, இயங்குகிறது. அதில் நிலவியல் (ஜியோசயின்சஸ்) முனையம் நடத்தும் ஓடிஇ தேடுகருவியில் நிலவைத் தேர்ந்தெடுத்து, இந்த இடத்தைச் சுற்றி ஒரு டிகிரி பெட்டி போட்டு, நேக் படங்களைக் கேளுங்கள்.

படங்கள் வந்தால் காப்பகமும் இணைப்பும் நன்றாக இருக்கின்றன, சிக்கல் உங்கள் கேள்வியில் இருக்கிறது. வராவிட்டால் கருவியிலோ இணைப்பிலோ கோளாறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மணிக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

## அறிகுறி 1: தேடினால் "பூஜ்யம் முடிவுகள்"

வடிகட்டிகள் மிச்சம் இருக்கின்றனவா? போன தேடலில் போட்ட தேதியோ கருவிப் பெயரோ அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். முடிவு வந்ததும் அடுத்ததைச் சேருங்கள். எதைச் சேர்த்தபோது பூஜ்யமானதோ அதுதான் குற்றவாளி.

தீர்க்கரேகை எந்தப் பக்கமாக எண்ணப்படுகிறது? பூஜ்ய முடிவுகளுக்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். பழைய செவ்வாய் வரைபடங்கள் மேற்கு நோக்கி எண்ணின, இன்றைய காப்பகக் கருவிகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி 0 முதல் 360 வரை எண்ணுகின்றன. கியூரியாசிட்டி ஊர்தி ஓடும் செவ்வாயின் கேல் பள்ளம் கிழக்கு 137.8 டிகிரி. பழைய வரைபடத்தில் அதே பள்ளம் மேற்கு 222.2 என்று இருக்கும். அந்த 222.2-ஐ அப்படியே கிழக்காகப் போட்டால் ஒலிம்பஸ் எரிமலைக்குத் தெற்கே எங்கோ போய் நிற்பீர்கள். அங்கேயும் சில கேமராக்களின் படங்கள் இருக்கும். ஆகவே பூஜ்யம்தான் வரும் என்றில்லை, தவறான இடத்துப் படங்களும் வரலாம். அது இன்னும் மோசம், ஏனென்றால் தப்பு நடந்ததே தெரியாது. 360-லிருந்து கழித்து மறுபடி தேடுங்கள்.

மைனஸ் குறியும் இதே கதைதான். ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய இடத்தின் தீர்க்கரேகையைச் சில கட்டுரைகள் மைனஸ் 5.5 என்று எழுதும், கருவி 354.5-ஐ எதிர்பார்க்கும். பெட்டி பூஜ்ய ரேகையைக் கடந்தால், உதாரணமாக 350-லிருந்து 10 வரை என்றால், சில கருவிகள் குழம்பிவிடும். 350 முதல் 360 வரை ஒன்று, 0 முதல் 10 வரை ஒன்று என இரண்டு தேடலாகப் பிரித்துவிடுங்கள்.

தேதி வடிவம். பல காப்பகங்களில் மாதமும் நாளும் கிடையாது, ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்தான் இருக்கும். கியூரியாசிட்டி இறங்கிய 2012 ஆகஸ்ட் 6, அந்த முறையில் 2012-219. லீப் ஆண்டை மறந்து 218 என்று போட்டால் ஒரு நாள் முந்திவிடும். நேரமும் உலகப் பொது நேரம்தான், உங்கள் கடிகார நேரம் அல்ல.

விண்கலம் அப்போது அங்கே இருந்ததா? காசினி சனியின் சுற்றுப்பாதையை அடைந்தது 2004 ஜூலையில், முடிந்தது 2017 செப்டம்பர் 15-இல். 2003-இல் சனி வளையங்களின் அண்மைப் படங்களைத் தேடினால் கிடைக்காது. சந்திரயான்-1-இல் போன எம்3 கருவியின் தரவு 2008 நவம்பருக்கும் 2009 ஆகஸ்டுக்கும் இடையில் மட்டும்தான் உண்டு.

இன்னும் வெளியாகவில்லையா? எல்ஆர்ஓ, செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ போன்ற பயணங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாகத் தரவைக் காப்பகத்தில் சேர்க்கின்றன. எடுத்த நாளுக்கும் வெளியாகும் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கும். போன மாதப் படம் வேண்டுமென்றால் காப்பகத்தில் அது இருக்காது. வெளியீட்டு அட்டவணையைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சோதனைத் தேடலே பூஜ்யம் காட்டினால், வேறு உலாவியில் ஒருமுறை பார்த்துவிட்டு அந்த முனையத்தின் உதவி முகவரிக்கு எழுதிவிடுங்கள். அதற்கு மேல் நோண்டுவதில் பயனில்லை.

## அறிகுறி 2: முடிவுகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன

பெரும்பாலும் ஒரே படம் பல உருவில் திரும்பத் திரும்ப வருகிறது: மூலத் தரவு, அளவுதிருத்தம் செய்தது, வரைபடத்தில் பொருத்தியது, முன்னோட்டச் சிறுபடம். பிடிஎஸ் தரவு வடிவத்தின் பழைய பதிப்பான பிடிஎஸ்3 தொகுப்புகளில் மூலத்துக்கு ஈடிஆர், திருத்தியதற்கு ஆர்டிஆர் அல்லது சிடிஆர் என்ற பெயர்கள் இருக்கும். புதிய பதிப்பான பிடிஎஸ்4-இல் செயலாக்க நிலை என்ற புலமே உண்டு. ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்தாலே எண்ணிக்கை பல மடங்கு குறைந்துவிடும்.

பார்த்து ரசிக்கவோ வடிவங்களை அளக்கவோ என்றால் வரைபடத்தில் பொருத்தியதை எடுங்கள். ஒளிர்வை அளக்க வேண்டும் என்றால் அளவுதிருத்தம் செய்ததை எடுங்கள். மூலத் தரவை நீங்களே திருத்தப் போவதில்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 3: பட்டியலில் இருக்கிறது, ஆனால் இறக்க முடியவில்லை

முகவரி எப்டிபி-யில் தொடங்குகிறதா? குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-இல் எப்டிபி ஆதரவை நீக்கிவிட்டன. பழைய கட்டுரைகளிலும் பாடக் குறிப்புகளிலும் இருக்கும் அந்த இணைப்புகளைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்காது. அதே தொகுப்பை முனையத்தின் இன்றைய இணையதளத்தில் பெயர் சொல்லித் தேடுங்கள்.

உள்நுழைய வேண்டிய காப்பகமா? நாசாவின் பிடிஎஸ்-இல் கணக்கு இல்லாமலே இறக்கலாம். இஸ்ரோவின் பிரதான் தளத்தில் சந்திரயான்-2 தரவுக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டியலைப் பார்த்துக்கொண்டே நேரம் போனால் உள்நுழைவு காலாவதியாகிவிடும். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

கார்ட், அதாவது நீங்கள் கேட்ட கோப்புகளின் கூடை, தயாராகிவிட்டதா? நிறையக் கோப்புகளை ஒன்றாகக் கேட்டால் அவற்றைக் கட்டித் தர நேரம் பிடிக்கும். கட்டிய பொட்டலம் சில நாள்தான் இருக்கும். இணைப்பு செத்துவிட்டால் கார்டை மறுபடி அனுப்புங்கள். அதனால் கேட்ட பட்டியலைத் தனியாகச் சேமித்து வைக்கும் பழக்கம் நல்லது.

கோப்பு இடம் மாறிவிட்டதா? பிடிஎஸ்3-இலிருந்து பிடிஎஸ்4-க்கு மாற்றும்போது அடைவுகள் (ஃபோல்டர்கள்) நகர்ந்துவிடுகின்றன. இணைய முகவரியைக் குறித்து வைப்பதைவிட, தரவின் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள். பிடிஎஸ்4-இல் அந்த அடையாளத்தின் கடைசியில் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு அப்புறம் பதிப்பு எண் வரும், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முகவரி மாறினாலும் அடையாளம் மாறாது.

## அறிகுறி 4: டவுன்லோடு பாதியில் நிற்கிறது

முதலில் கோப்பு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடுங்கள். முழு அளவில் எடுத்த ஒரு நேக் படம் 5064 பிக்சல் அகலம், 52,224 வரி. மூலக் கோப்பில் பிக்சலுக்கு ஒரு பைட். பெருக்கினால் 26,44,62,336 பைட். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் இதற்கு மூன்றரை நிமிடம் ஆகும், நூறு படத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். நின்றுவிட்டது என்று சொல்லப்படுவதில் பாதி, பொறுமை போதாமல் நிறுத்தப்பட்டதுதான்.

உண்மையிலேயே அறுந்தால் உலாவியை விட்டுவிடுங்கள். வெகெட் அல்லது கர்ல் கட்டளைகளில் விட்ட இடத்திலிருந்து தொடரும் தேர்வு இருக்கிறது. பெரிய கோப்புகளுக்கு ஆரம்பத்திலிருந்தே அதைப் பழகிக்கொள்வது பின்னால் பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

ஒரு கோப்பு ஒவ்வொரு முறையும் சரியாக 4 ஜிபி அருகே வந்து நிற்கிறதா? அது இணைப்பின் கோளாறு இல்லை. உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அந்த வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபி-க்கு மேல் வளர முடியாது. டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

அடைவு முழுவதையும் இறக்கும்போது நின்றால், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு திறந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இருபது இணைப்பு போட்டு இழுத்தால் காப்பகம் உங்களைத் தடுத்துவிடும். இரண்டு போதும், கோப்புக்குக் கோப்பு ஒரு நொடி இடைவெளி விடுங்கள். அதே வழங்கியிலிருந்து உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று: வெகெட்டில் மேலடைவுக்கு ஏறாதே என்ற தேர்வைப் போட மறந்தால், கேட்ட தொகுப்போடு நிற்காமல் முனையம் முழுவதையும் இழுக்கத் தொடங்கும்.

அலுவலகம், கல்லூரி நெட்வொர்க்கில் மட்டும் அறுந்து, கைப்பேசி இணைப்பில் சரியாக வந்தால், நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி 5: இறங்கிவிட்டது, ஆனால் திறக்கவில்லை

ஒரு மாணவி இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூறு கோப்புகளை இறக்கியிருந்தாள். ஒன்றும் திறக்கவில்லை. பட்டியலை அளவு வாரியாக அடுக்கச் சொன்னேன். எல்லாம் அச்சு மாறாமல் ஒரே அளவு, சில கிலோபைட். ஒன்றை உரைத் தொகுப்பானில் திறந்ததும் மேலே இணையப் பக்கத்தின் குறியீடு தெரிந்தது. உள்நுழைவு காலாவதியான பிறகு, காப்பகம் தன் உள்நுழைவுப் பக்கத்தையே படக் கோப்பின் பெயரில் முந்நூறு முறை கொடுத்திருந்தது.

எனவே முதல் சோதனை அளவு. பிறகு கோப்பின் தொடக்கத்தைப் பாருங்கள். ஆனால் பார்த்துவிட்டு சேமிக்காமல் மூடுங்கள். தொகுப்பான் வரி முடிவுகளை மாற்றிச் சேமித்துவிட்டால் நல்ல கோப்பும் கெட்டுவிடும்.

லேபிள் இருக்கிறதா? பல தொகுப்புகளில் படம் ஒரு கோப்பு, அதை விவரிக்கும் லேபிள் இன்னொரு கோப்பு. பிடிஎஸ்3-இல் லேபிளின் பின்னொட்டு எல்பிஎல், பிடிஎஸ்4-இல் எக்ஸ்எம்எல். லேபிளை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து வந்தால் மென்பொருளுக்கு அது வெறும் எண் குவியல். இரண்டையும் ஒரே அடைவில், பெயர் மாற்றாமல் வையுங்கள். பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும் லினக்ஸில் சிக்கும்.

அளவு லேபிளோடு ஒத்துப்போகிறதா? பிடிஎஸ்3 லேபிளில் பதிவின் (கோப்பைப் பிரித்திருக்கும் ஒவ்வொரு துண்டின்) பைட் அளவும் பதிவுகளின் எண்ணிக்கையும் இருக்கும். பெருக்கினால் பொதுவாகக் கோப்பின் அளவு வரும். பிடிஎஸ்4 லேபிளில் பெரும்பாலும் அளவும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எம்டி5 சரிபார்ப்புத் தொகையும் நேராகவே எழுதியிருக்கும். அந்தத் தொகையும் உங்கள் கோப்பில் கணக்கிட்ட தொகையும் ஒத்தால் கோப்பு முழுசாக வந்துவிட்டது. அதற்கு அப்புறம் மறுபடி இறக்குவது வீண். கோளாறு படிக்கும் மென்பொருளில்.

மென்பொருள். சாதாரணப் படம் பார்க்கும் செயலிகள் இவற்றைத் திறக்கா. பிடிஎஸ்4-க்குச் சிறுகோள்கள் முனையம் தரும் பிடிஎஸ்4 வியூவர், வரைபடத் தரவுக்குக் கியூஜிஐஎஸ், பைத்தானில் பிடிஆர் நூலகம் ஆகியவற்றில் தொடங்கலாம். மூலப் படங்களை வரைபடமாக்க ஐசிஸ் என்ற மென்பொருள் தேவை, ஆனால் அதை நிறுவிப் பழகுவதற்கே ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் மட்டும் இறங்குங்கள்.

இரண்டு முறை இறக்கியும் எம்டி5 ஒத்துவரவில்லை, இரண்டு முறையும் உங்களுக்கு வந்த தொகை ஒன்றேதான் என்றால், காப்பகத்தில் இருக்கும் கோப்போ லேபிளோ பிழையாக இருக்கலாம். உடனே எழுதுங்கள். வந்த தொகை ஒவ்வொரு முறையும் மாறினால் உங்கள் வட்டையோ நினைவகத்தையோ கவனிக்க வேண்டும், அது கணினி பழுது பார்ப்பவரின் வேலை.

## அறிகுறி 6: திறக்கிறது, ஆனால் படம் படமாக இல்லை

### முழுக் கறுப்பு

அநேகமாகப் படம் நன்றாகத்தான் இருக்கிறது. பல கேமராக்கள் 12 பிட் அளவில் எடுத்ததை 16 பிட் இடத்தில் வைக்கின்றன. அதிகபட்ச மதிப்பு 4095, இடமோ 65,535 வரை. மிக வெளிச்சமான பிக்சலும் முழு வெள்ளையில் 6 சதவீதம்தான் எட்டும். திரையில் எல்லாமே கறுப்பு. ஒளிர்வு வீச்சைப் படத்தின் உண்மையான மதிப்புகளுக்கு இழுத்துவிடுங்கள்.

இழுத்தும் கறுப்பா? வெற்றுப் பிக்சல்களைப் பாருங்கள். 16 பிட்டில் மைனஸ் 32,768, தசமத் தரவில் 39 இலக்கம் நீளும் பிரம்மாண்டமான மைனஸ் எண், இவை "இங்கே தரவு இல்லை" என்பதற்கான குறிகள். இவற்றையும் மதிப்பாக எண்ணிக்கொண்டால் வீச்சு கெட்டுவிடும். லேபிளில் எந்த எண் வெற்றுக்குறி என்று இருக்கும், அதை ஒதுக்கச் சொல்லுங்கள்.

### இரைச்சலும் புள்ளிக் கோலமும்

பைட் வரிசை தலைகீழாகப் படிக்கப்படுகிறது. செவ்வாயின் மோலா உயர வரைபடத்தில் இதை அழகாகப் பார்க்கலாம். அதன் எண்கள் பெரிய பைட் முதலில் வரும் 16 பிட் முழு எண்கள், அலகு மீட்டர். 1000 மீட்டர் உயரமுள்ள இடத்தைச் சிறிய பைட் முதல் என்று படித்தால் மைனஸ் 6141 வரும். பக்கத்துப் பிக்சல் 1001 மீட்டர் என்றால் மைனஸ் 5885. ஒரு மீட்டர் ஏற்றம் 256 மீட்டராகத் தாவுகிறது, அதனால்தான் சமவெளிகூட மணல் இறைத்த மாதிரி தெரிகிறது. லேபிளில் எம்எஸ்பி என்று இருந்தால் பெரிய பைட் முதல், எல்எஸ்பி அல்லது பிசி என்று இருந்தால் சிறிய பைட் முதல்.

### படம் சாய்ந்து கிழிந்திருக்கிறது

வரியின் நீளம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. காசினி கேமராவின் மூலப் படங்களில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 24 பைட் வேறு விவரம் உண்டு. அதை விட்டுவிட்டு 1024 பிக்சல் என்று மட்டும் படித்தால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட 24 பைட் நகர்ந்து, சனியே சரிந்துகொண்டே போகும். லேபிளில் வரி முன்னொட்டு என்ற சொல்லைத் தேடுங்கள்.

சாய்வு இல்லை, மேலே சில வரிகள் மட்டும் குப்பையாகத் தெரிகின்றன என்றால் தொடக்க இடம் தப்பு. பிடிஎஸ்3 லேபிளில் படம் மூன்றாவது பதிவில் தொடங்குகிறது என்று எழுதியிருந்தால், தாண்ட வேண்டியது இரண்டு பதிவுகளை. அங்கே எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பிடிஎஸ்4-இல் ஆரம்பத் தூரம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், ஆனால் அட்டவணைப் புலங்களின் இடம் ஒன்றிலிருந்து எண்ணப்படும். இது எரிச்சலான விஷயம்தான். நானே கைப்பட நிரல் எழுதும்போது இதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.

### எண்கள் நம்பும்படி இல்லை

படம் அழகாக இருக்கிறது, ஆனால் வெப்பநிலையோ உயரமோ பொருந்தவில்லை என்றால், லேபிளில் பெருக்கும் காரணியும் கூட்டும் எண்ணும் இருக்கும். கோப்பில் உள்ள எண்ணை முதலில் பெருக்கி, அப்புறம் கூட்டுங்கள். சில மென்பொருட்கள் தாமே செய்துவிடும், சில செய்யா. ஒரு பிக்சலைக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

## அறிகுறி 7: படம் சரி, இடம் தவறு

இரண்டு வரைபடங்களை மேலே மேலே வைத்தால் பள்ளங்கள் பொருந்தவில்லை. எவ்வளவு விலகல் என்று அளந்தாலே பாதி விடை கிடைக்கும்.

செவ்வாயில் வடக்கு தெற்காக 20 கிலோமீட்டர் வரை விலகி, நடு அட்சரேகைகளில் அதிகமாகவும் நடுக்கோட்டில் இல்லாமலும் இருந்தால், ஒரு வரைபடம் கோள்மைய அட்சரேகையிலும் (கோளின் மையத்திலிருந்து அளப்பது) மற்றது கோள்பரப்பு அட்சரேகையிலும் (பரப்புக்குச் செங்குத்தான கோட்டை வைத்து அளப்பது) இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அதிகபட்சம் மூன்றில் ஒரு டிகிரி வித்தியாசம். நிலவில் ஒரு கிலோமீட்டருக்குள் விலகினால், இரு வரைபடங்களும் வெவ்வேறு நிலவு ஆய முறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறையை) பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள். சரியாக 180 டிகிரி விலகினால் வரைபடத்தின் நடுக்கோடு 0-வா 180-ஆ என்ற குழப்பம்.

இவை எதிலும் சேராத, படத்துக்குப் படம் மாறும் விலகல் என்றால் அது விண்கலம் எந்தப் பக்கம் பார்த்தது என்ற விவரத்தின் பிழை. செவ்வாய்க்குப் போன வைக்கிங் கலங்களின் காலத்துப் படங்களில் அது கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். விண்கல நிலை விவரங்களைப் பராமரிக்கும் நைஃப் முனையம் பிற்பாடு திருத்திய நிலை விவரக் கோப்புகளை வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கையால் நகர்த்திப் பொருத்தத் தொடங்காதீர்கள். அந்தக் கருவியின் குழுவிடமோ, அமெரிக்காவின் பிளாக்ஸ்டாஃபில் உள்ள யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) வானியல்-நிலவியல் மையத்திடமோ கேட்க வேண்டிய இடம் இது.

## உதவி கேட்டு எழுதும்போது

எழுதுவதற்கு முன் அந்தத் தொகுப்பில் எராட்டா என்ற பெயரில் பிழைத்திருத்தக் கோப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் கோளாறு பத்து வருடம் முன்பே அங்கே எழுதப்பட்டிருக்கலாம். எழுதுவதானால், அந்தத் தரவை வைத்திருக்கும் முனையத்துக்கே எழுதுங்கள். சனி வளையப் படத்துக்கு நிலவியல் முனையம் பதில் சொல்ல முடியாது. பதிப்பு எண்ணோடு தரவின் அடையாளம், முயன்ற நேரம் உலகப் பொது நேரத்தில், லேபிள் சொல்லும் அளவு, உங்களுக்கு வந்த அளவு, எம்டி5, மென்பொருளின் பெயரும் பதிப்பும், சோதனைத் தேடலின் முடிவு, இவை ஒரே கடிதத்தில் இருக்கட்டும். கோப்பை இணைக்காதீர்கள், அது அவர்களிடமே இருக்கிறது. பிழைச் செய்தியைப் படமாக எடுக்காமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அதை அவர்கள் தங்கள் பதிவேடுகளில் நேராகத் தேடிப் பார்க்க முடியும்.